உளநூலிலிருந்து கருவியாய்வுக்கு

கலைத்துறையிற் பயிலும் மாணவர் பலரை, "இதனாற் பெறும் தொழில் யாது?" என்னும் வினா தொடர்ந்து வருத்துகின்றது. ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களில், ஒரு குடும்பத்தின் நம்பிக்கை முழுவதையும் சுமந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அவ்வினா பின்னும் கடியது. உளநூல் பயின்ற அறிஞர் சிலர், கற்றதைக் கைவிடாமலே கருவிகளை ஆராயப் புகுந்து புதுத்தொழில் ஒன்றை உருவாக்கிய வரலாறு இதற்கு ஓரளவு விடை தரும். அத்தொழிலைப் பயன்பாட்டெளிமை ஆய்வு எனலாம். கருவி மனிதனுக்கு ஏற்றதாய் அமைந்துள்ளதா எனச் சோதித்துத் திருத்துவதே அதன் பணி.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அமெரிக்காவின் பி-17 விமானங்களைத் தரையிறக்கிய விமானிகள் சிலர், இறக்கைமடல்களை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டனர். விமானம் தரையில் மோதிச் சேதமுற்றது. பழி விமானிமேல் விழுந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் உளநூல் பயின்ற அல்போன்ஸ் சப்பானிஸ் விமானியறையை ஆராய்ந்தார். இருவேறு செயலுக்குரிய விசைகள் ஒரே வடிவில் அருகருகே அமைந்திருந்தன. ஒன்றிற் சிறு சக்கர வடிவத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் செய்தார். கண் பாராதபோதும் கை வேறுபாட்டை உணர்ந்தது, பிழையும் நீங்கிற்று. விமானத்தின் சக்கரவிசை இன்றும் சக்கர வடிவிலேயே அமைகின்றது.

இவரினும் வளைந்த வழியிற் சென்றவர் ஜோன் காளின். 1918 இல் தென்னாபிரிக்காவிற் பிறந்த இவர், கேப் ரவுண் பல்கலைக்கழகத்தில் மெய்யியல், உளநூல், இசை என்பவற்றைக் கற்றார். வயலின் வாசிப்பிலும் வல்லவர். 1942 இல் சிக்காக்கோவிற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1945 இல் பெல் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். பொறியியலாளர் நிறைந்த அவ்விடத்தில் உளநூலாருக்கு என்ன வேலை என்பார்க்கு அவருடைய சோதனைகளே விடையாயின. தொலைபேசியிற் சுழல்தட்டுக்குப் பதிலாகப் பொத்தான்களை அமைக்கும்போது எவ்வொழுங்கு விரைவும் பிழைக்குறைவும் தரும் என்பதை, அவருடைய குழுவினர் பல அமைப்புகளை மக்களிடமே கொடுத்து ஆராய்ந்தனர். மேல்வரிசையில் 1, 2, 3 எனத் தொடங்கிக் கீழே பூச்சியத்துடன் முடியும் ஒழுங்கு தேர்வாகி, 1963 இல் வழக்குக்கு வந்தது. கணக்குப்பொறியிலோ 7, 8, 9 என்பனவே மேலே நிற்கும். பசறையிலோ மடுல்சீமையிலோ கொழுந்து பறிப்பவர் கையிலுள்ள கைத்தொலைபேசியிலும் காளின் குழுவினர் கண்ட ஒழுங்கே இன்றுமுளது.

டொனால்ட் நோர்மன் மின்பொறியியலில் தொடங்கி, 1962 இல் உளநூலிற் கலாநிதியானவர். 1979 இல் திறீ மைல் ஐலன்ட் அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்தை ஆராய்ந்தோருள் இவரும் ஒருவர். தவறு இயக்கியவரிடம் மாத்திரமன்று, கட்டுப்பாட்டறையின் அமைப்பிலும் உளதெனக் கண்டமை இவர் சிந்தையைப் பொறிகளின்பாற் செலுத்தியது. 1988 இல் அன்றாடப் பொருள்களின் உளநூல் பற்றிய நூலை வெளியிட்டார். 1993 இல் பல்கலைக்கழகத்தை விடுத்து ஆப்பிள் நிறுவனத்திற் சேர்ந்தார். பொருளின் அமைப்புக் குறையால் இடர்ப்படுவோர் தம்மையே நொந்துகொள்வர் என்பது அவர் வற்புறுத்திய உண்மை.

இவ்வுண்மை நமக்கு மிக அண்மையது. பதுளை நகரில் வங்கியின் பணப்பொறி முன் தயங்கி நிற்கும் தோட்டத்துத் தாயொருவர், "எனக்குப் படிப்பில்லை" என்று கூறி, அட்டையையும் இரகசிய எண்ணையும் பிறர் கையிற் கொடுப்பதைக் காண்கிறோம். உழைத்த ஊதியமே அவ்வெண்ணால் காக்கப்படுகிறது. அவரது அறியாமையை நோகுமுன், அப்பொறியின் திரையிலுள்ள சொற்கள் அவர் வழங்கும் தமிழா, எழுத்துக் கண்ணுக்குப் புலப்படுமா, சிந்திக்கப் போதிய நேரம் தரப்படுகின்றதா என்று வினவுதல் முறையன்றோ? சேமலாபநிதி விண்ணப்பத்துக்கும் மருத்துவமனை அறிவித்தலுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

இவற்றை வினவுதற்குப் பெரும் ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. ஐவரிடம் படிவத்தைக் கொடுத்து, எவ்விடத்திற் கை நிற்கின்றது என்பதைப் பொறுமையுடன் நோக்கினாலே பல குறைகள் வெளிப்படும். லயத்து வாழ்வையும் அம்மக்களின் மொழியையும் அறிந்த நம் மாணவர்க்கு இப்பணியிற் பிறர்க்கில்லாத் தகுதியொன்று உண்டு. அவர்கள் உளநூலையோ மொழியையோ பயில்வது வீணன்று. கற்ற நூல் ஒன்றாயினும் அது சென்று பயன்படும் வழிகள் பல.