அடுப்புப் புகையும் பிள்ளைத்தாய்ச்சியின் சீனி வியாதியும்



கொழுந்து நிறுத்து, பிள்ளைமடுவத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தவுடன் நமது பெண்கள் செய்கிற முதல் வேலை என்ன? அடுப்புப் பற்றவைப்பதுதான். மழைக்காலமென்றால் மிலாறு ஈரமாக இருக்கும். குனிந்து ஊதுகுழலை வைத்து ஊது ஊதென்று ஊத வேண்டும். கண் எரியும், இருமல் வரும். அதோடு சரி என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது அதோடு சரியாவதில்லை. புகைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற சீனி வியாதிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். புகைக்கும் சீனிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

பிள்ளை உண்டானதும் நச்சுக்கொடியிலிருந்து சில சுரப்புகள் தாயின் இரத்தத்தில் சேருகின்றன. இவை இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்தும். இன்சுலின் என்பது சோற்றிலும் ரொட்டியிலும் இருந்து வரும் சீனியை இரத்தத்திலிருந்து தசைகளுக்குள் அனுப்பிவைக்கிற பொருள். வயிற்றுக்குள் இருக்கிற கணையம் அதைச் சுரக்கிறது. மட்டுப்பட்டதை ஈடுகட்ட, கணையம் வழமையைவிடக் கூடுதலாகச் சுரக்க வேண்டும். அநேகமான தாய்மாருக்கு அது முடிகிறது. முடியாதவர்களுக்குச் சீனி இரத்தத்திலேயே தங்கிவிடும்.

இந்த நேரத்தில் புகையும் சேர்ந்துகொள்கிறது. விறகுப் புகையில் 2.5 மைக்ரோமீட்டரிலும் சிறிய துகள்கள் உண்டு. தலைமயிரின் தடிப்பை முப்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு அளவுதான். பெரிய தூசியை மூக்கு பிடித்துவிடும், இதைப் பிடிக்காது. நுரையீரலின் அடிவரை போகும், மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். அதனால் உடம்புக்குள் அழற்சி உண்டாகிறது. அழற்சி உள்ள உடம்பில் இன்சுலினின் பேச்சு எடுபடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சீனா, அமெரிக்கா போன்ற நாடுகளில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் நகரத்து வாகன, தொழிற்சாலைக் காற்றைப் பற்றியவை. எல்லாம் ஒரே மாதிரி முடிவு சொல்லவுமில்லை. வயது, உடல் நிறை, தாய் தகப்பனுக்கு இருந்த சீனி வியாதி ஆகியவை புகையைவிடப் பெரிய காரணங்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளின் சராசரி அளவாக வைத்த எல்லை, ஒரு கனமீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராம் துகள். விறகு எரியும் மூடிய குசினிகளில் அது நூற்றுக்கணக்கில் போகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியாகக் கட்டிய காம்பராவில் புகை எங்கே போகும்?

2022இல் காஸ் கிடைக்காமல் போனபோது, டவுனில் இருந்தவர்கள்கூட விறகுக்குத் திரும்பியது நினைவிருக்கும். நமக்கு அது திரும்புவதல்ல, விட்டதே இல்லை.

இதைப் பற்றிப் பேசப் போன இடத்தில் ஒரு பாட்டி, "நாங்கெல்லாம் இந்தப் புகையிலதான் எட்டுப் புள்ள பெத்தோம் தம்பி, எங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்தில் யார் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? எட்டில் எத்தனை தங்கியது என்று நாங்கள் கேட்கவில்லை; அவராகவே, "ரெண்டு தங்கல" என்றார். காரணம் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தாய்க்குச் சீனி கூடினால் பிள்ளை அளவுக்கு மீறி வளரும், பிரசவம் சிக்கலாகும், பிறந்த பிள்ளைக்குச் சீனி திடீரென்று இறங்கும். இவை மட்டும் தெரியும்.

சரி, புகையை என்ன செய்வது? காஸ் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எங்களுக்குச் சுலபம், சம்பளத்தில் அது கட்டாது. அடுப்பு பற்றும் நேரத்தில்தான் புகை அதிகம். அந்த நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி இஸ்தோப்பில் இருக்கட்டும், பற்றவைப்பதை வீட்டுக்காரரோ மாமியாரோ செய்யலாம். ஆண்கள் இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். கவ்வாத்து மிலாறை வெயில் காலத்திலேயே வெட்டிக் காயவைத்து, நனையாமல் அடுக்க வேண்டும். பின்கதவைத் திறந்து வையுங்கள், குளிர்தான், என்ன செய்ய. பொலித்தீன் பையைப் போட்டு நெருப்பு மூட்டாதீர்கள். அனகி அடுப்பு விறகை மிச்சப்படுத்தும், ஆனால் புகைக்கூடு இல்லையென்றால் புகை வீட்டுக்குள்தான். பீடி, சிகரெட்டை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகையைக் குறைத்தாலும் பரிசோதனையை விடக்கூடாது. இந்த வியாதிக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. முதல் கிளினிக்கிலும், பிறகு 24க்கும் 28க்கும் இடைப்பட்ட வாரத்திலும் சீனி பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் போய், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அரைப்பேர் போய்விடுமே என்று பலர் போவதில்லை. எங்களுக்கு அது புரிகிறது. மருத்துவமாதுவிடம் முன்கூட்டியே சொல்லி, மற்றக் கிளினிக் நாளோடு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

வெறும் வயிற்றில் 92 அல்லது அதற்கு மேல் என்றால் பயப்பட வேண்டாம். பலருக்குச் சாப்பாட்டை மாற்றினாலே இறங்கிவிடும்: தேத்தண்ணியில் சீனியை நிறுத்தி, ரொட்டியைக் குறைத்து, பருப்பும் கீரையும் கூட்ட வேண்டும். பட்டினி கிடக்கக் கூடாது. பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிடும், ஆனால் 6 வாரத்துக்குப் பிறகு மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் சீனி வியாதி வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். கிளினிக் கார்ட்டைப் பிள்ளை பிறந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.