அங்கே மணி என்ன? – பல ஊர் நேரமும் நம்ம கம்ப்யூட்டரும்

(கீழ்க்கட்டளையிலிருந்து ஓர் இறுதியாண்டு மாணவன்)



"மணி என்ன?" என்று கேட்டால் கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவோம். "அமெரிக்காவில் இப்போ மணி என்ன?" என்று கேட்டால்? விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பிப்போம். அப்படி நான் போட்ட ஒரு கணக்கு தப்பாகி, எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்கு வர வேண்டிய வேலை கைநழுவிப் போனது. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்த விஷயத்தைத் தோண்டித் துருவிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நடந்தது இதுதான். நம்மைப் போலவே டிப்ளமோ முடித்தவர் அந்த அண்ணன். ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள ஒரு கம்பெனி, அமெரிக்கக் குழுவோடு இண்டர்வியூ ஏற்பாடு செய்திருந்தது. 2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, நியூயார்க் நேரப்படி காலை 10 மணி என்று மின்னஞ்சல் வந்தது. "டேய், நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, நம்ம டைம் பார்த்துச் சொல்லு" என்றார். பத்தரை மணி நேர வித்தியாசம் என்று எனக்கு மனப்பாடம். "ராத்திரி எட்டரைண்ணே" என்றேன், யோசிக்காமலே.

எட்டேகாலுக்கே சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் முடிந்துவிட்டதாகத் திரையில் வந்தது. அவர்கள் ஏழரைக்கே காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டார். பதில் வரவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

எங்கே தப்பு?

அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அன்று திரும்பவும் பின்னே வைப்பார்கள். 2007-லிருந்து இதுதான் அவர்கள் சட்டம். கோடையில் மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்பதற்காக. 2024-ல் அந்த ஞாயிறு மார்ச் 10. இரண்டு நாள் முன்புவரை சரியாக இருந்த என் பத்தரை, அன்றைக்கு ஒன்பதரை ஆகிவிட்டது.

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மார்ச் கடைசி ஞாயிறு அன்றுதான் மாற்றுவார்கள். ஆக, அந்த மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி வித்தியாசம்கூட 4 ஆகிவிடும். நம் ஊரில் இந்த வழக்கம் இல்லாததால் நமக்கு இது தோன்றுவதே இல்லை.

சென்னையில் மாலை 6 மணி என்றால் மற்ற ஊர்களில் என்ன மணி என்று பாருங்கள்:

துபாய் – மாலை 4.30
சிங்கப்பூர், கோலாலம்பூர் – இரவு 8.30
லண்டன் – குளிர்காலத்தில் பகல் 12.30, கோடையில் 1.30
நியூயார்க், டொராண்டோ – குளிர்காலத்தில் காலை 7.30, கோடையில் 8.30
சிட்னி – இரவு 10.30, அவர்கள் கோடையில் (நம்ம டிசம்பர்) 11.30

ராத்திரி இருநூறடி ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும், கம்பெனி கேப் எல்லாம் மேடவாக்கம், துரைப்பாக்கம் பக்கம் பறக்கும். அதில் தூங்கி வழியும் அண்ணன், அக்காக்களின் ஷிஃப்ட்டே இந்த அட்டவணையை வைத்துத்தான். அங்கே கடிகாரம் மாறினால் இங்கே ஒருத்தர் சாப்பிடும் நேரம் மாறுகிறது.

நம்ம ஊருக்கே ஒரு தனி நேரம் இருந்தது

இன்று நாடு முழுக்க ஒரே நேரம். ஆனால் ஒரு காலத்தில் மதராஸ் நேரம் என்று தனியாக ஒன்று இருந்தது தெரியுமா? 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டியது. நட்சத்திரங்களைப் பார்த்து அங்கே துல்லியமாக மணி குறித்தார்கள். அந்தக் கூடத்தின் கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறித்த கல்வெட்டோடு, நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

பூமி 360 டிகிரி சுற்ற 24 மணி நேரம்; அதாவது ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். மதராஸின் தீர்க்கரேகையை ஏறக்குறைய 80 டிகிரி 17½ நிமிடம் என்று வைத்து நாலால் பெருக்கினால், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால் என்று வரும். அதுதான் மதராஸ் நேரம். பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று இருந்த காலத்தில், இரண்டுக்கும் நடுவே இருந்ததால் ரயில்வே முழுக்க மதராஸ் நேரத்தையே பின்பற்றியது.

1906 ஜனவரி 1 முதல் 82½ டிகிரியை வைத்து, கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி என்று இந்திய நேரம் வந்தது. அன்று மதராஸ் கடிகாரங்கள் 8 நிமிடம் 50 விநாடி முன்னே தள்ளப்பட்டன. ஒருநாள் நாமும் கடிகாரத்தைத் திருப்பியவர்கள்தான்!

கம்ப்யூட்டர் எப்படி மணி பார்க்கிறது?

மதர்போர்டில் ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம் இருக்கும். விநாடிக்கு 32,768 தடவை அதிரும். ஏன் அந்த எண்? டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குப் பளிச்சென்று தெரியும். 2-ன் 15-ஆம் அடுக்கு. பதினைந்து ஃபிளிப் ஃபிளாப்பை வரிசையாகப் போட்டால் கடைசியில் விநாடிக்கு ஒரு துடிப்பு. கரண்ட் போனாலும் இது ஓட, வட்டமாக ஒரு பட்டன் செல் இருக்கும். அந்தச் செல் செத்தால் தேதி பல வருடம் பின்னே போய்விடும். பிறகு எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "பாதுகாப்புச் சான்றிதழ் தப்பு" என்று அடம்பிடிக்கும். இன்டர்நெட்டில் கோளாறு என்று ஓடாதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள்.

உள்ளே மென்பொருள் செய்வது இன்னும் அழகு. யூனிக்ஸ் குடும்பத்தில் மணி, நிமிடம் எதுவும் கிடையாது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்ற ஒரே ஓர் எண்தான். உலகம் முழுக்க அந்த எண் ஒன்றேதான். திரையில் காட்டும்போது மட்டும் "இவர் இந்தியாவில் இருக்கிறார், ஐந்தரை மணி கூட்டு" என்று கூட்டிக் காட்டும். சில ஃபைல்களில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று தேதி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஃபைலின் தேதி தொலைந்து பூஜ்யமாகிவிட்டது என்று அர்த்தம். பூஜ்யத்தோடு ஐந்தரை!

இந்த எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய சிஸ்டங்களில் 2038 ஜனவரி 19, நம்ம நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இடம் தீர்ந்துவிடும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் தொழிற்சாலை மூலையில் கிடக்கும் பழைய கன்ட்ரோலர்களை அன்று சரிபார்க்கப்போவது யார்? நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் சண்டை

என் வீட்டு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரில் விண்டோஸும் உண்டு, லினக்ஸும் உண்டு. லினக்ஸில் வேலை முடித்து விண்டோஸுக்கு வந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னே காட்டும். ரொம்ப நாள் செல்லைத்தான் சந்தேகப்பட்டேன். காரணம் வேறு. படிகக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்பும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தப்பாகப் படிக்கிறார், அவ்வளவுதான். இரண்டில் ஒன்றின் செட்டிங்கை மாற்றி, இருவரையும் ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவந்தால் சண்டை தீரும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது ஒரே ஒரு கட்டளைதான்.

சென்னையும் கொழும்பும் ஏன் தனித்தனி?

விண்டோஸில் நேர மண்டலப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஐந்தரைக்கு நேராக "சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி" என்று ஒரு வரி. அதே ஐந்தரைக்கு "ஸ்ரீ ஜெயவர்த்தனபுர" என்று இன்னொரு வரி. ஒரே நேரம்தானே, எதற்கு இரண்டு?

இன்றைக்கு ஒரே நேரம்தான். நேற்று அப்படி இல்லை! மின் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே வருடம் அக்டோபரில் அரை மணி பின்னே வந்து, ஆறு மணி வித்தியாசத்தில் நின்றது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. இதற்கிடையே புலிகள் கட்டுப்பாட்டில் இருந்த வடக்குப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில், ஒரே நாளில், இரண்டு மணி!

1999-ல் கொழும்பில் காலை 6 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் கணிக்கிறீர்கள் என்று வையுங்கள். சாஃப்ட்வேரில் ஐந்தரை என்று போட்டால் அரை மணி தப்பு. லக்னம் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவது. அரை மணியில் லக்னமே மாறிவிட வாய்ப்புண்டு. ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், கணக்கு சரியாக இருக்க வேண்டுமல்லவா? நம் தாத்தா பாட்டி காலத்திலும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போரின்போது 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின.

இந்த வரலாறு எல்லாவற்றையும் தொகுத்து வைத்த ஒரு தரவுத் தொகுப்பு இருக்கிறது. 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கியது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் இதைத்தான் நம்புகின்றன. அதில் நமக்குப் பெயர் "ஏசியா/கொல்கத்தா". சென்னை என்று தேடினால் கிடைக்காது. ஆனால் அந்தக் கொல்கத்தா வரிக்குள் போய்ப் பார்த்தால், 1906 வரை 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று நம்ம மதராஸ் நேரம் உட்கார்ந்திருக்கிறது! உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனுக்குள்ளும் அது இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

1. வித்தியாசத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஊர் பெயரைக் கொடுத்துக் கம்ப்யூட்டரிடமே கேளுங்கள், அதுவும் எந்தத் தேதிக்கு என்று சொல்லி. விண்டோஸில் கூடுதலாக இரண்டு கடிகாரம் வைத்துக்கொள்ளலாம். அவை காட்டுவது இன்றைய நேரத்தை மட்டும்தான். அடுத்த வாரக் கூட்டத்துக்கு காலண்டரில் அந்த ஊர் நேர மண்டலத்தைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

2. தேதியையும் பாருங்கள். நமக்கு 13-ஆம் தேதி காலை 7 மணி என்றால் நியூயார்க்கில் இன்னும் 12-ஆம் தேதி இரவுதான்.

3. புராஜெக்டில் நடந்து முடிந்ததைப் பதிவு செய்யும்போது உலகப் பொது நேரத்தில் சேமியுங்கள். காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றுங்கள்.

4. நடக்கப்போவதற்கு உள்ளூர் நேரத்தோடு ஊர் பெயரையும் சேமியுங்கள். நடுவில் அந்த அரசாங்கம் சட்டத்தை மாற்றினாலும் கணக்கு தப்பாது.

5. எக்செல்லுக்கு நேர மண்டலம் தெரியாது. அதற்கு ஒரு நாள் என்பது 1. பொது நேரத்தை நம்ம நேரமாக்க 5.5-ஐ 24-ஆல் வகுத்துக் கூட்டுங்கள்.

6. யாருக்காவது நேரம் எழுதும்போது "இந்திய நேரம் இரவு 7.30, நியூயார்க் நேரம் காலை 10" என்று இரண்டையும் எழுதுங்கள். தப்பிருந்தால் இரு பக்கத்தில் ஒருவராவது கண்டுபிடிப்பார்.

அந்த ஆறாவதை நான் அன்று செய்திருந்தால் போதும். "நியூயார்க் காலை 10, இந்தியா இரவு 8.30, சரிதானே?" என்று அண்ணன் பதில் மெயிலில் ஒரு வரி எழுதியிருந்தால், "இல்லை, 7.30" என்று அவர்களே திருத்தியிருப்பார்கள்.

அண்ணன் இப்போது தாம்பரம் மெப்ஸ் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். போன மாதம் மறுபடி ஓர் இண்டர்வியூ அழைப்பு வந்ததும் என்னிடம்தான் வந்தார். "எத்தனை மணிடா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

நண்பர்களே, நாளை நீங்களும் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கலாம், இங்கிருந்தே அமெரிக்காவுக்கு வேலை பார்க்கலாம். எங்கிருந்தாலும், "அங்கே மணி என்ன?" என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணுங்கள். அம்மா தூங்கிக்கொண்டிருக்கலாம்.