பஸ்ஸை விட்டு இறங்கின பிறகு...
கல்லூரிப் பிள்ளைகள் நடந்து போகும் தெருவுக்கு நம் குழுக்கள் என்ன செய்யலாம்?



சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காரைக்குடியில் இருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் தோளில் பையோடு நாலைந்து பெண் பிள்ளைகள் இறங்குவார்கள். நம் குழு உறுப்பினர்களின் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. நம் வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி போகிற பெண்ணுக்கு இவை பெரிய துணை.

ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதில் இருந்து வீட்டு வாசல் வரை உள்ள அரை கிலோமீட்டருக்கு எந்தத் திட்டமும் இல்லை. அந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் என்ன ஆகும்? “ஏத்தா, கடைசி வகுப்பு வேணாம், வெள்ளன வந்துரு” என்போம். பிறகு “கம்ப்யூட்டர் கிளாஸ் வேணாம்” என்போம். கடைசியில் “படிச்சது போதும், மாப்பிள்ளை பார்ப்போம்” என்று முடிந்துவிடும். ஒரு விளக்கு எரியாததால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்று போகலாம். அதனால் தெருப் பாதுகாப்பு நம் குழுக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்தான்.

நம் பகுதி ஒரு படிப்புப் பகுதி

வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த நிலையம் 1953-ல் திறக்கப்பட்டது. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. நம் ஊரிலேயே ஸ்ரீ சேவுகன் அண்ணாமலை கல்லூரி 1970 முதல் நடக்கிறது. இப்படி வறண்ட பூமியாக இருந்த இடம் படிப்புக்குப் பெயர் பெற்ற இடமாக மாறியது.

கல்லூரி வந்தால் அதைச் சுற்றி மெஸ், ஜெராக்ஸ் கடை, விடுதி, வாடகை அறை எல்லாம் வரும். வெளியூர்ப் பிள்ளைகளும் வருவார்கள். இதில் பல தொழில்களை நடத்துவது நம் குழுப் பெண்கள்தான். கல்லூரிச் சுற்றுப்புறம் நன்றாக இருந்தால் பிள்ளைகளுக்கும் நல்லது, நம் வியாபாரத்துக்கும் நல்லது.

பூட்டின வீடும் கண் இல்லாத தெருவும்

செட்டிநாட்டுத் தெருக்களுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நகரத்தார் வீடுகளின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அதனால் பின்பக்கத் தெருவில் நடந்தால் வெறும் நீளச் சுவர்தான். வீட்டுக்காரர்கள் பலர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கும். அந்தக் காலத்தில் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். “யாரு தாயி, இந்நேரத்துல எங்க போற?” என்று கேட்க ஒரு குரல் இருந்தது. இப்போது பல தெருக்களில் அந்தக் குரல் இல்லை.

அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961-ல் எழுதிய நூலில் இதைத்தான் சொன்னார். தெருவைப் பாதுகாப்பது போலீஸ் மட்டும் அல்ல; வாசலிலும் கடையிலும் இருந்து தெருவைப் பார்க்கிற சாதாரண மக்களின் கண்கள்தான் முதல் காவல் என்றார். நம் அப்பத்தாக்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரிந்த சங்கதி.

தெருவோரத்தில் ஒரு இட்லிக் கடை, ஒரு பூக்கடை, ஒரு தையல் கடை இரவு எட்டரை வரை திறந்திருந்தால் அந்தத் தெருவுக்குக் கண் வந்துவிடும். தெருவை உயிர்ப்பிப்பது என்றால் இதுதான். பெரிய கட்டடம் கட்டுவதோ அலங்கார வளைவு வைப்பதோ மட்டும் போதாது.

பிலடெல்பியாவில் நடந்தது

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மேற்குப் பக்கத்துத் தெருக்கள் 1990-களில் மிகவும் நலிந்து போயின. பூட்டிய வீடுகள், எரியாத விளக்குகள், வழிப்பறிகள். 1996-ல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவரே பக்கத்துத் தெருவில் கொல்லப்பட்டார். மதிலை உயர்த்தி உள்ளே இருந்து கொள்வதா, வெளியே வந்து தெருவைச் சரிசெய்வதா என்ற கேள்வி வந்தது. நிர்வாகம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது.

வாசலில் விளக்குப் போடுகிற வீட்டுக்காரருக்குச் செலவில் பாதியைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. பூட்டிக் கிடந்த வீடுகள் சிலவற்றை வாங்கிப் பழுதுபார்த்துக் குடும்பங்களுக்கு விற்றது. 1997-ல் தெருவைச் சுத்தம் செய்யவும் சீருடையில் நடந்து பார்த்துக் கொள்ளவும் தனி அமைப்பு வந்தது. 2001-ல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு அரசுப் பள்ளியும் திறக்கப்பட்டது. பகுதி மாறியது. ஆனால் வீட்டு விலையும் வாடகையும் ஏறி, முன்பு இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு அங்கே இருப்பது கஷ்டமாகிவிட்டது என்ற குறையும் வந்தது.

நமக்கு இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, விளக்கும் ஆள் நடமாட்டமும் முதலில். இரண்டு, ஊரை அழகாக்குகிறோம் என்று தள்ளுவண்டிக்காரப் பெண்ணை விரட்டக் கூடாது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். வியாபாரம் செய்கிற நம் உறுப்பினர்கள் அடையாள அட்டை வாங்கிக் கொள்ளுங்கள்.

விளக்கு மட்டும் போதுமா?

போதாது. 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். மதிலும் காவலாளியும் உள்ள இடம் அது. ஆனாலும் அந்தப் பெண் தைரியமாகப் புகார் கொடுத்தார். சென்னை மகளிர் நீதிமன்றம் 2025 ஜூன் 2-ல் குற்றவாளிக்கு, குறைந்தது 30 ஆண்டு எந்தச் சலுகையும் இல்லாத ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்தே மாதத்தில் தீர்ப்பு வந்ததற்குப் புகார்தான் அஸ்திவாரம்.

இந்த வழக்கில் முதல் தகவல் அறிக்கையின் விவரம் வெளியே கசிந்தது. அதற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். குழாயடியிலும் செல்போனிலும் “இன்னார் மகள்” என்று பேசுவதை நாம்தான் முதலில் நிறுத்த வேண்டும். பெயர் போய்விடும் என்ற பயத்தில்தான் பல புகார்கள் வீட்டுக்குள்ளேயே புதைந்து போகின்றன.

கிண்டல், பின்தொடர்தல் எல்லாம் “பையன்கள் விளையாட்டு” அல்ல. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி கிண்டலால் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் அதற்கென்றே சட்டம் வந்தது. பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்து பெண் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு மாலை நடந்து பார்ப்போம்

கனடாவின் டொரண்டோவில் 1989-ல் பெண்கள் ஒரு எளிய முறையைக் கொண்டு வந்தார்கள். பெண்களே சேர்ந்து தெருவில் நடந்து, எங்கே பயமாக இருக்கிறது, ஏன் என்று எழுதுவது. டெல்லியில் ஜாகோரி என்ற பெண்கள் அமைப்பும் இதைச் செய்தது. 2013-ல் சேஃப்டிபின் என்ற செல்போன் செயலியும் வந்தது. நமக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

1. ஆறேழு பேர் சேருங்கள். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். வயதான ஒரு அம்மா, கைக்குழந்தைக்காரி, முடிந்தால் மாற்றுத்திறனாளிச் சகோதரி ஒருவரும் வரட்டும். ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொன்று தெரியும்.

2. பஸ் நிறுத்தத்தில் இருந்து வீடு வரை, இரவு ஏழு மணிக்கு மேல் நடங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாள் வேண்டாம், நிலா வெளிச்சம் ஏமாற்றிவிடும்.

3. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எழுதுங்கள்: பத்தடி தூரத்தில் வருகிறவர் முகம் தெரிகிறதா? எரியாத விளக்கின் கம்ப எண் என்ன? கருவேலம் புதர், இடிந்த சுவர், மூடாத சாக்கடை உண்டா? ஆள் நடமாட்டம் இருக்கிறதா, அதில் பெண்கள் எத்தனை பேர்? திறந்த கடை உண்டா? அவசரத்துக்குப் பெண்கள் கழிப்பறை உண்டா?

4. கடைசியாக அந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: “உனக்கு எந்த இடத்துல பயமா இருக்கு?” அவர்கள் சொல்வதை மறுத்துப் பேசாமல் அப்படியே எழுதுங்கள்.

யாரிடம் கேட்பது?

தெருவிளக்கு எரியவில்லை என்று பலர் மின்வாரியத்துக்குப் போகிறோம். அவர்கள் “இது எங்க வேலை இல்லைம்மா” என்று அனுப்பிவிடுவார்கள். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கோ நகராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பு. விளக்கு, புதர், சாக்கடை, கழிப்பறைக்கு நகராட்சி ஆணையரிடம் மனு கொடுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள்.

டாஸ்மாக் கடை நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் கல்வி நிலையத்தில் இருந்தும் வழிபாட்டுத் தலத்தில் இருந்தும் 50 மீட்டருக்குள்ளும், மற்ற பகுதியில் 100 மீட்டருக்குள்ளும் இருக்கக் கூடாது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. மீறல் இருந்தால் திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

பெண் பிள்ளைகளை வைத்து விடுதி நடத்துகிற உறுப்பினர்கள் கவனிக்கவும். 2014-ல் வந்த மாநிலச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். கல்லூரிக்குள் தொந்தரவு என்றால், ஒவ்வொரு கல்லூரியிலும் உள்புகார் குழு இருக்க வேண்டும் என்பது விதி. அதில் யார் யார் உறுப்பினர் என்று உங்கள் மகளுக்குத் தெரிகிறதா என்று இன்றே கேளுங்கள்.

மனுவைக் குழுவின் பெயரில், தீர்மான நகலோடு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அவசர எண்கள்: எல்லா அவசரத்துக்கும் 112. பெண்கள் உதவி மையம் 181. குழந்தைகளுக்கு 1098. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். “எங்க எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்பக் கூடாது.

இரண்டு எச்சரிக்கை

பாதுகாப்பு என்ற பெயரில் வெளியூர் மாணவரையோ வேறு சாதிக்காரரையோ வடநாட்டுத் தொழிலாளியையோ சந்தேகப்பட்டு விரட்டுவது நம் வேலை அல்ல. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் பெரும்பாலும் குற்றவாளி அவளுக்குத் தெரிந்தவனாகவே இருக்கிறான். இது ஒன்று.

இன்னொன்று, பெண்ணைப் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. ஏழு மணிக்கு மேல் பெண்களே வராத தெரு பெண்களுக்கு இன்னும் ஆபத்தான தெருவாகிறது. நாம் நாலு பேர் நடந்தால் ஐந்தாவது பெண்ணுக்குத் தைரியம் வரும்.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் ஊக்குநர் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். எந்தத் தெரு, எந்த நாள், யார் யார் நடப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நடந்து முடித்ததும் எரியாத கம்ப எண்களின் பட்டியலைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். எல்லாக் குழுக்களின் பட்டியலையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொண்டு போவோம். பத்துப் பெண் கேட்டால் கோரிக்கை, ஐநூறு பெண் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.