உஷார்! பிசுக்கு போக்கும் டிரம்மில் நரம்புக்கு எமன்

டிரம்மைத் திறந்ததும் குளோரோஃபார்ம் மாதிரி இனிப்பாக வாடை அடிக்கிறதா? கையை உள்ளே விடாதீர்கள். லேபிளைப் படியுங்கள். 'டிரைகுளோரோஎத்திலீன்' என்றோ 'டி.சி.இ.' என்றோ இருந்தால் முதலாளியிடம் இன்றைக்கே பேசுங்கள்.

லேத்தில் கடைந்த உதிரிபாகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ உலகமெங்கும் பல்லாண்டுகளாகப் புழங்கிய கரைப்பான் இது. முக்கி எடுத்தால் போதும், தானே காய்ந்துவிடும். பட்டறைக்காரர்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஓசூர் சிப்காட்டின் பெரிய ஆலைகளில் பாதுகாப்பைக் கவனிக்க ஆள் இருப்பார். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் நாலு பேர் பட்டறையில் யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் லெஜூன் ராணுவ முகாமில் இது குடிநீரில் கலந்திருந்தது. 1975-85 காலத்தில் அங்கிருந்த வீரர்களை, தண்ணீர் கெடாத இன்னொரு முகாமின் வீரர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வெளிவந்தது. லெஜூனில் இருந்தவர்களுக்குக் கை நடுங்கும் நரம்பு நோயான பார்க்கின்சன் வரும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். இளவயதில் குடித்த தண்ணீர், பல பத்தாண்டுகள் கழித்துக் கையை ஆட்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை இந்தக் கரைப்பானுக்குத் தடை ஆணை பிறப்பித்தது.

ஒரு கரைப்பானுக்கும் கை நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? 1982-ல் கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகக் காய்ச்சிய போதை மருந்தை ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் அசையாமல் உறைந்துபோனார்கள். முற்றிய பார்க்கின்சனின் அதே கோலம். மருந்தில் எம்.பி.டி.பி. என்ற நஞ்சு கலந்திருந்ததை லாங்ஸ்டன் என்ற மருத்துவரின் குழு கண்டுபிடித்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் 'காம்ப்ளெக்ஸ் ஒன்' என்ற புரதத் தொகுதியை அது முடக்குகிறது என்பது பிறகு தெரிந்தது. 1989-ல் லண்டன் ஆய்வாளர்கள், பார்க்கின்சனோடு இறந்தவர்களின் மூளையிலும் அதே தொகுதி நொடித்திருப்பதைக் காட்டினார்கள். டி.சி.இ.யும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது என்பதை விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன.

நமக்குப் பக்கத்திலேயே இதை நோண்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் ரோட்டில் நேரே போனால் பெங்களூரு நிம்ஹான்ஸ். அங்கே உயிர்வேதியியலர் எம்.எம். ஸ்ரீனிவாஸ் பரத்தும் சக ஆய்வாளர்களும் மூளை வங்கியில் சேமித்த மூளைத் திசுக்களைச் சோதித்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பார்க்கின்சனில் அழிகிற, டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் குடியிருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா பகுதியில், வயது ஏற ஏறக் காம்ப்ளெக்ஸ் ஒன்னின் வேலைத்திறன் குறைகிறது என்றார்கள். அதாவது வயதே அந்த இடத்தைத் தளர்த்திக்கொண்டிருக்கிறது. நாம் மேலே நஞ்சையும் ஊற்றுகிறோம்.

இதே குழு மஞ்சளிலுள்ள குர்குமினையும் ஆராய்ந்திருக்கிறது. உடனே மஞ்சள் மாத்திரை வாங்க ஓடாதீர்கள். அந்தப் பரிசோதனை செல்களிலும் எலிகளிலும் நடந்தது. பட்டறைப் புகைக்கு மஞ்சள் கவசம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அனுப்பியவர் சித்தப்பாவே ஆனாலும் நம்பாதீர்கள்.

தோட்டத்துக்காரர்களும் கேளுங்கள். பாராகுவாட் களைக்கொல்லியையோ ரோடெனோன் பூச்சிக்கொல்லியையோ கையாண்ட அமெரிக்க விவசாயிகளுக்குப் பார்க்கின்சன் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு என்று 2011-ல் ஓர் ஆய்வு சொன்னது. ரோடெனோன் அடிப்பதும் காம்ப்ளெக்ஸ் ஒன்னைத்தான். பாராகுவாட்டின் வழி வேறு: மைட்டோகாண்ட்ரியாவையே அரிக்கும் ஆக்சிஜன் நச்சுகளைக் கிளப்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-லிருந்து அதற்கு இடமில்லை. கேரளம் 2011-ல் தடை செய்தது. மாந்தோப்பானாலும் ரோஜாத் தோட்டமானாலும் கேன் லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் வேறு வழி பாருங்கள். கையால் பிடுங்கினாலும் களை போகும்.

தொட்டவருக்கெல்லாம் நோய் வருமா? வராது. ஆனால் டோபமைன் அணுக்கள் கணிசமாக அழிந்த பிறகுதான் நடுக்கம் வெளியே தெரியும், அழிந்தவை திரும்பாது. முகர்வு மங்குவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கைகால் வீசுவது, கையெழுத்து சிறுத்துப்போவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குவது எல்லாம் அதற்கு முன்பே வரலாம். வேறு காரணங்களாலும் வரலாம். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் நரம்பியல் மருத்துவர்.

அவரிடம் போகும்போது சர்க்கரை, பிரஷர் சீட்டோடு இன்னொரு தாளும் கொண்டுபோங்கள். எந்தப் பட்டறையில் எத்தனை வருடம், எதில் கை நனைத்தீர்கள், எந்த மருந்து அடித்தீர்கள் என்று அதில் எழுதுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.