கோடையில் பட்டணம் பார்க்க...

வருஷாந்தப் பரீட்சை முடிந்ததோ இல்லையோ, உள்நாட்டு ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு மகாநாடு கூடிவிடுகிறது. "இந்த விடுமுறைக்கு எங்கே போவது?" என்பதுதான் விவாதத்துக்குரிய விஷயம். மலைவாசஸ்தலங்கள் என்றால் கூட்டமும் செலவும் பயமுறுத்துகின்றன. கடைசியில், "பட்டணத்தில் சித்தப்பா இருக்கிறார், சமுத்திரமும் இருக்கிறது" என்று யாரோ ஒரு குழந்தை பிரேரணை கொண்டுவர, மற்றக் குழந்தைகள் ஆமோதிக்க, சென்னைப் பிரயாணம் ஏகமனதாக நிறைவேறுகிறது. தீர்மானம் நிறைவேறிய அளவுக்குத் திட்டம் நிறைவேறுவதில்லை என்பது நம் தேசத்து மகாநாடுகளுக்குப் பொதுவான குணம். குடும்ப மகாநாடும் அதற்கு விலக்கல்ல.

பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி வைத்துக்கொள்வதையே நாம் திட்டம் என்று எண்ணிவிடுகிறோம். மார்கழி மாதத்துச் சென்னைக்கு அது போதும். சித்திரை, வைகாசி மாதங்களில் அந்த ஜாபிதா செல்லாது. அப்போது எந்த இடத்தைப் பார்ப்பது என்பதைவிட எந்த நேரத்தில் பார்ப்பது என்பதே முக்கியம். அதோடு, குடும்பத்தில் யாருக்கு வெயிலைத் தாங்கும் சக்தி மிகக் குறைவோ, அவருடைய சக்தியை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டியால் முடியாததும் நாலு வயதுக் குழந்தையால் முடியாததும் அந்தக் குடும்பத்தால் முடியாதவையே.

முதலில், எந்த வாரத்தில் புறப்படுவது? பஞ்சாங்கத்தைப் புரட்டினால், அக்னி நட்சத்திரம் மே மாதம் 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28-ஆம் தேதியை ஒட்டி முடியும். "கத்திரி கழியட்டும், அப்புறம் போகலாம்" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். ஆனால் சென்னையில் பதிவாகியுள்ள மிக உயர்ந்த உஷ்ணமான 45 டிகிரி செல்ஷியஸ் எப்போது பதிவாயிற்று தெரியுமா? 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி. அதாவது கத்திரி கழிந்த பிறகு!

இதற்குக் காரணம் காற்றின் போக்கு. பகல் ஏற ஏறத் தரை சமுத்திரத்தைவிட வேகமாகச் சூடாகிறது. தரைமேல் உள்ள காற்று சூடேறி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சாதாரணக் கோடை நாளில் நடுப்பகலை ஒட்டியோ, சற்றுப் பின்னரோ இந்தக் கடற்காற்று சென்னைக்குள் நுழைந்து, ஏறிவரும் உஷ்ணத்தைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத்திலும் மேற்கேயிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாட்களில், கடற்காற்று உள்ளே வர முடியாமல் மாலை வரையில் வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்கிறது. அன்றைக்குப் பட்டணம் கொதிக்கிறது. ஆகவே, பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரல் மாதத்தின் பின்பாதியிலேயே போய்த் திரும்புவது உத்தமம்.

இங்கேதான் மகாநாடு காலம் தாழ்த்திக் கூடுவதன் கஷ்டம் தெரிகிறது. ரயிலில் இடம் பதிவு செய்ய முன்பு 120 நாட்கள் அவகாசம் இருந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் அதை 60 நாட்களாகக் குறைத்துவிட்டார்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் புறப்படுகிறவர்கள் பிப்ரவரி கடைசி வாரத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும். போவதற்கு மட்டுமல்ல, திரும்புவதற்கும் அப்படியே நாள் கணக்கிட்டுப் பதிவு செய்வது அவசியம். எனவே குடும்ப மகாநாட்டை மாசி மாதத்திலேயே கூட்டிவிடுங்கள். குழந்தைகள் பரீட்சைக்குப் படிப்பதற்கும் அது ஒரு தூண்டுகோலாக இருக்கும்!

பஸ்ஸில் போகிறவர்கள் வேறொரு விஷயத்தை நினைவில் கொள்ள வேண்டும். கோயம்பேட்டில் இறங்கிய பழைய ஞாபகத்தோடு புறப்படக் கூடாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்து வரும் பஸ்களில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடுகின்றன. நகரத்தின் நடுப்பகுதிக்கு அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம். விடியற்காலையில் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று திகைப்பதைவிட, அங்கிருந்து போகும் வழியை முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொள்வது மேல்.

அடுத்தபடியாக, தங்கும் இடம். உறவினர் வீட்டில் தங்குவது நம்மவர்க்கு உரிய சந்தோஷங்களுள் ஒன்று. ஆனால் கோடைக்காலத்துச் சென்னையில் விருந்தாளிக்குப் போடும் சோற்றைவிட விலை உயர்ந்தது அவன் குளிக்கும் தண்ணீர். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போயின. அவ்வருஷம் ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து நகரத்துக்கு வார்த்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருக்கின்றன என்றாலும், கோடை வந்தால் லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும் வீடுகள் அங்கே இன்னும் உண்டு. காவிரிக் கரையிலோ, தாமிரபரணிக் கரையிலோ வளர்ந்த நம் குழந்தைகளுக்கு இது விளங்காது. "ஒரு வாளியில் ஸ்நானத்தை முடித்துக்கொள்ள வேண்டும்" என்று ஊரிலேயே சொல்லி, ஊரிலேயே பழக்கிக் கூட்டிக்கொண்டு போவது நலம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளைக்கு மேற்பட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். இவ்விடத்தில் சகோதரிகளின் சார்பில் ஒரு விண்ணப்பம். ஊரில் ஒரு சமையலறையில் வெந்துகொண்டிருந்த தாயாரைப் பட்டணத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே இன்னொரு சமையலறையில் ஓரகத்தியோடு சேர்த்து வேகவைப்பதற்குப் பெயர் விடுமுறை அல்ல. ஒரு வேளைச் சாப்பாட்டையாவது இரண்டு வீட்டாரும் சேர்ந்து வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலைப் பொழுதை எங்கே கழிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை முற்றிலும் அந்த அம்மாளிடம் விட்டுவிடுங்கள்.

இனி, நாள் கணக்கு. ஒரு காகிதத்தில் கோடு கிழித்து, காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று பத்திகள் போடச் சொல்லிக் குழந்தைகளிடமே கொடுக்கலாம். காலைப் பத்தியில் திறந்த வெளி. நடுப்பகல் பத்தியில் கூரையுள்ள இடம். மாலைப் பத்தியில் கோயிலும் கடற்கரையும். இந்த ஒரு விதியை மீறாமல் நிரப்பச் சொன்னால் போதும். எந்தக் கிழமையில் எது மூடியிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எழும்பூர்ப் பொருட்காட்சி சாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கும், முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. புதன்கிழமை காலையில் போய் இறங்கிச் சனிக்கிழமை இரவு திரும்புவதாக வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாக அமையும்.

புதன்கிழமை பகல் முழுவதும் ஓய்வு. மாலையில் திருமயிலைக் கபாலீசுவரர் சந்நிதியும், மாடவீதிகளும், தெப்பக்குளமும் போதும். கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்திவிடுவதால், நம் விதியும் கோயில் விதியும் ஒத்துப்போகின்றன.

வியாழக்கிழமை, சூரியோதயத்துக்கு முன்பே மெரினாவுக்குப் போய்விட வேண்டும். குழந்தைகள் காலடியில் மிதிக்கும் அந்த மணற்பரப்பு ஆதியிலிருந்தே அவ்வளவு அகலமாக இருந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் கட்டினார்கள். தெற்கேயிருந்து கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்ததால், தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. ஓரிடத்தில் சேர்ந்தால் ஓரிடத்தில் குறையும் என்ற பாடத்தைப் பூகோளப் புஸ்தகத்தைவிட அந்த மணல் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

அதே மணலில்தான் 1907-ஆம் ஆண்டு மே மாதத்தில் வங்கத்துத் தலைவர் விபின் சந்திர பாலரின் பிரசங்கங்களைக் கேட்க ஜனங்கள் திரண்டார்கள். பின்னாளில் திலகர் கட்டம் என்று பெயர் பெற்று, தேசீயக் கூட்டங்கள் பல நடந்ததும் அங்கேதான். 1923-ஆம் ஆண்டில் சிங்காரவேலர் நம் தேசத்தில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையின் முன்னால் நின்று இதைச் சொன்னால் குழந்தைகள் மறக்க மாட்டார்கள். அங்கிருந்து திருவல்லிக்கேணிக்குள் நுழைந்தால், பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலும், பாரதியார் தமது கடைசி நாட்களில் வாழ்ந்த வீடும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

மெரினாவில் கால் நனைக்கலாமா என்று கேட்பீர்கள். இதில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்தக் கரையில் கடல், ஆற்றுப் படித்துறை போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாவதில்லை; சில அடிகளுக்குள் சட்டென்று ஆழம் மிகுகிறது. கரைக்கு வரும் அலையைவிடத் திரும்பும் அலையின் இழுப்பு பலமானது. ஆற்றில் நீந்தத் தெரிந்த பையனுடைய கெட்டிக்காரத்தனம் அங்கே உதவாது. அந்தக் கெட்டிக்காரத்தனமே அவனை உள்ளே இட்டுச் செல்லும். அங்கே குளிக்கக் கூடாது என்று தடை இருந்தும், உயிர் இழப்பு நேராத வருஷம் இல்லை. ஆகவே, பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனையும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எத்தனை குழந்தைகளோ அத்தனை பெரியவர்கள் கரையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் படம் எடுக்கும் வேலை வேண்டாம்.

அன்றைய நடுப்பகலுக்கு எழும்பூர்ப் பொருட்காட்சி சாலை. 1851-ஆம் ஆண்டில் தொடங்கிய நிலையம் அது. அமராவதிச் சிற்பங்கள், திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் ஆகியவற்றை மட்டும் நிதானமாகப் பார்த்தாலே போதும். வெள்ளிக்கிழமைப் பகலுக்குக் கோட்டூர்புரம். 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பக்கத்திலேயே பிர்லா கோளரங்கமும் இருக்கிறது. சனிக்கிழமை விடியற்காலையில் மாமல்லபுரம். கல் சுடுவதற்கு முன்பே ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில், உச்சி வேளைக்குத் தக்ஷிணசித்ராவில் தென்னாட்டுப் பழைய வீடுகளின் திண்ணை நிழலில் உட்கார்ந்துவிடலாம்.

தேக விஷயத்தில் ஒரு வார்த்தை. "எங்கள் ஊரில் பார்க்காத வெயிலா?" என்று வேலூர்க்காரர்களும் திருச்சிக்காரர்களும் கேட்பார்கள். அவர்கள் ஊர் உஷ்ணம் வறண்டது. வியர்வை உடனே உலர்ந்து உடம்பைக் குளிரச் செய்கிறது. சென்னைக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை உலர்வதில்லை. குறைந்த உஷ்ணத்திலும் களைப்பு அதிகம். இரவிலும் புழுக்கம் விடுவதில்லை. வயோதிகர்கள் தாகம் எடுக்கும் வரையில் காத்திராமல் நீர்மோரோ, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரோ அடிக்கடி பருக வேண்டும். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, அது வெறும் களைப்பு அல்ல. உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பெங்கும் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தில் எத்தனையோ இடங்கள் விட்டுப்போயிருக்கின்றன என்று பட்டணவாசிகள் குறை சொல்லக்கூடும். கோட்டை இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை, தியாகராய நகரத்துக் கடைவீதி இல்லை! விட்டுப்போனவை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். பாட்டியும் பேரக் குழந்தைகளும் உடம்பு வாடாமல் ஊர் திரும்பினால்தான் அடுத்த வருஷம் அவற்றைப் பார்க்கும் ஆசை மிஞ்சும்.

ஊர் வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தங்க இடம் கொடுத்த வீட்டாருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்வதோடு நிறுத்தாமல், குழந்தைகள் கையாலேயே ஒரு கடிதம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். என்ன பார்த்தார்கள், எது பிடித்தது என்பதை அவர்களே எழுதட்டும். கடைசி வரியில், "தீபாவளிக்கு நீங்கள் எல்லோரும் எங்கள் ஊருக்கு வரவேண்டும், ஆற்றில் தண்ணீர் இருக்கும்" என்று மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.