பசித்திருக்கும் பாண்டாவும் கதை கேட்கும் மழலையும்

எழுத்தறியாப் பருவத்துக் குழந்தைக்குப் படநூலே முதல் பள்ளிக்கூடம். தாய் தந்தையரின் மடியே அதன் வகுப்பறை. ஓயாமல் மூங்கிலைத் தின்றும் பசி தீராத பாண்டாக் கரடியை, ஒத்த ஓசையுடைய குறுவரிகளில் பாடும் படநூல் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார்கள். பக்கத்தைப் புரட்டுமுன்பே அடுத்த சொல்லை ஊகித்துக் கூவி மகிழ்வார்கள்.

இதனை வீண் விளையாட்டு என்று எண்ணற்க. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்னும் ஆய்வாளர் இருவர், நான்கைந்து வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 400 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1983-இல் தம் முடிவை வெளியிட்டனர். சொற்களின் ஓசை ஒப்புமையை எளிதில் உணர்ந்த குழந்தைகள், பின்னர் வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முன்னின்றனர் என்று அவர்கள் கண்டனர்.

எனினும், இத்தகைய நூல் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரக்கூடியது ஓசை மட்டுமன்று. “அது ஏன் இவ்வளவு தின்கிறது? பெருந்தீனிக்காரனா?” என்று குழந்தை சிரித்துக்கொண்டே கேட்கும். அந்தக் கேள்விக்கு நாம் என்ன விடை தருகிறோம் என்பதே முக்கியம்.

தீராப் பசியின் காரணம்

பாண்டா கரடி இனத்தைச் சேர்ந்தது. அதன் குடல் புலால் உண்ணும் விலங்கின் குடலைப் போன்று குறுகியது. ஆனால் அதன் உணவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மூங்கிலே. ஆடுமாடுகளைப் போல அசைபோட்டுச் செரிக்கும் வயிறு அதற்கு இல்லாமையால், தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை. எனவேதான் நாளொன்றுக்கு 12 முதல் 38 கிலோ வரை அது மூங்கில் தின்ன வேண்டியிருக்கிறது. பகலிலும் இரவிலுமாகப் பல மணி நேரம் இதிலேயே கழிகிறது. மூங்கில் தண்டைப் பற்றிக்கொள்வதற்கென்றே அதன் மணிக்கட்டு எலும்பு ஒன்று கட்டைவிரல் போல் நீண்டு வளர்ந்துள்ளது. ஆகவே அது பேராசையால் தின்பதில்லை, பிழைத்திருப்பதற்காகவே தின்கிறது.

இவ்விலங்கை மேலைநாட்டு அறிவுலகுக்கு முதன்முதல் அறிவித்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். புனித வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த பிரெஞ்சு நாட்டு அருட்தந்தை ஆர்மாந்து தாவீது, 1869 மார்ச் 11-ஆம் நாள், சீனத்தின் சிச்சுவான் மலைப்பகுதியில் நிலக்கிழார் ஒருவரின் இல்லத்தில் அதன் தோலைக் கண்டார். சில நாட்களில் வேடர்கள் அவரிடம் அவ்விலங்கையே கொண்டுவந்தனர்.

மூங்கில் பூத்த ஆண்டுகள்

ஓர் இன மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுவதும் ஒருசேரப் பூக்கும். விதை உதிர்த்ததும் பட்டுப்போகும். முற்காலத்தில் பாண்டாக்கள் வேறு மூங்கில் வளரும் அடுத்த பள்ளத்தாக்குக்குச் சென்று பிழைத்தன. வயல்களும் சாலைகளும் காட்டைத் துண்டாடிய பின் அவ்வழி அடைபட்டது. 1970-களின் நடுவில் மின் மலைத்தொடரில் மூங்கில் பூத்துப் பட்டுப்போனபோது, 138 பாண்டாக்களேனும் மடிந்து கிடக்கக் காணப்பட்டன.

1983-இல் சியோங்லாய் மலைகளிலும் மூங்கில் பூத்தது. உலகம் பதறியது. சீனத்தில் பசித்த பாண்டாவைப் பற்றிய பாடல் சிறுவர் வாயில் உலவியது. 1984-இல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசுகளைச் சேர்த்தனர். சேர்ந்த பணத்தை அதிபரின் துணைவியார் நான்சி ரீகன் சீனத்துக்குச் சென்றபோது அளித்தார்.

பிள்ளைகளின் அந்த இரக்கம் போற்றத்தக்கது. ஆயினும் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அம்மலைகளில் அக்காலத்தில் பாண்டாக்களை ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் என்னும் விலங்கியல் அறிஞர், பிறகு 1993-இல் வெளியிட்ட நூலில் ஒரு கசப்பான உண்மையை எழுதினார். இம்முறை உண்ணத்தக்க மூங்கில் எஞ்சியிருந்தது. பசியால் வாடாத பாண்டாக்களும் ‘மீட்பு’ என்னும் பெயரால் பிடிக்கப்பட்டுக் கூண்டில் அடைக்கப்பட்டன. பசியினும் பெரிய பகை திருட்டு வேட்டையே என்றார் அவர். அறியாமையோடு கூடிய இரக்கம், தான் காக்க விரும்பிய உயிருக்கே சிறையாகிவிட்டது.

வேட்டையைத் தடுத்ததும், காடுகளைக் காத்துப் பெருக்கியதுமே பின்னர் பயன் தந்தன. 2014-இல் முடிந்த கணக்கெடுப்பில் காட்டுப் பாண்டாக்கள் 1,864 என அறியப்பட்டது. 2021-இல் சீனம் பாண்டாக்களுக்கென ஒரு பெரும் தேசியப் பூங்காவை அமைத்தது. அடைபட்ட வழிகளைத் திறந்து, துண்டுபட்ட காடுகளை மீண்டும் இணைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

பெற்றோரின் பங்கு

பெற்றோர்களே! பாண்டாவின் பாட்டை உங்கள் செல்வங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஓசை ஒத்து வரும் சொல்லில் சற்றே நிறுத்தி, அதைக் குழந்தையே சொல்ல விடுங்கள். அது சிரிக்கும்போது உடன் சிரியுங்கள். “பாவம், இதற்குப் பசிக்கிறதே!” என்று சொல்லும் நாளும் வரும். அப்போது புத்தகத்தை மூடிவிடாமல், ஏன் பசிக்கிறது, அதன் காட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அதன் வயதுக்கேற்ப எடுத்துச் சொல்லுங்கள். பசித்தவர் மேல் இரங்குவதற்குப் பிள்ளைகளை நாம் பழக்குகிறோம். அந்தப் பசிக்குக் காரணம் என்னவென்று கேட்கவும் அவர்களைப் பழக்குவோமாக! பாண்டாவிடம் தொடங்கும் அந்தக் கேள்வி, நாளை தெருவில் கைநீட்டும் மனிதரைக் கண்டபோதும் அவர்கள் உள்ளத்தில் எழும்.