அன்னாசியைப் பூக்க வைக்கும் வாயு

அட்லாண்டிக் கடலில் உள்ள அசோர்ஸ் தீவுகளில் அன்னாசியைக் கண்ணாடிக் கூடங்களுக்குள் வளர்க்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புகை சூழ்ந்த கூடத்தில் செடிகள் ஒன்றுபோலப் பூப்பதை அங்குள்ளவர்கள் கண்டுகொண்டார்கள். பிறகு வேண்டுமென்றே புகை போட்டார்கள். அந்த வேலையைச் செய்தது புகையில் இருந்த எத்திலீன் என்பது 1930-களில்தான் உறுதியானது. நம் ஊரில் வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான்.

எத்திலீன் ஒரு தாவர ஹார்மோன். பல செடிகளில் அது பூப்பதைத் தள்ளிப்போடும், அன்னாசியில் நேர்மாறு. இரவு குளிர்ந்து பகல் குறுகும்போது, செடி தானாகவே எத்திலீனைக் கூடுதலாக உண்டாக்குகிறது. உடனே குருத்தின் நுனி இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூங்கொத்துக்கு மாறுகிறது. ஆக்சின் என்ற வேறொரு ஹார்மோன் வகை மருந்தைத் தெளித்தாலும் அன்னாசி பூக்கும். ஆனால் அங்கேயும் ஆக்சின் தூண்டிவிட, செடிக்குள் உருவாகும் எத்திலீன்தான் காரியத்தை முடிக்கிறது.

இயற்கையின் போக்கில் விட்டால் தோட்டத்தில் ஒரு செடி இன்று பூக்கும், பக்கத்துச் செடி இரண்டு மாதம் கழித்துப் பூக்கும். அறுவடைக்கு ஆள் விட்டுக் கட்டுப்படியாகாது. அதனால் கேரளத்தில் செடிக்கு 40 இலை வந்ததும் எத்திலீனைத் தரும் எத்திபான் என்ற மருந்தின் கரைசலைக் குருத்தில் 50 மில்லி ஊற்றுகிறார்கள். 1,000 செடிக்கு 50 லிட்டர் தண்ணீர். அதில் ஒரு கிலோ யூரியா, 20 கிராம் கால்சியம் கார்பனேட், வெறும் 1.25 கிராம் எத்திபான். புளிப்பான கரைசலில் எத்திபான் சிதையாமல் கிடக்கும். கார்பனேட் அந்தப் புளிப்பை முறித்ததும் உடைந்து எத்திலீனை வெளியேற்றும். சுமார் 40 நாளில் பூ தலைகாட்டும்.

"ஹார்மோன் போட்ட பழம்" என்று சந்தையில் முகம் சுளிப்பவர்கள் இந்த அளவைக் கொஞ்சம் யோசிக்கலாம். செடிக்கு ஒன்றே கால் மில்லிகிராம்தான். அதுவும் காய் உருவாவதற்கு முன்பே.

வீட்டுத் தொட்டியில் அன்னாசி வைத்திருப்பவர்களுக்கு மருந்தே வேண்டாம். நன்றாகப் பழுத்த ஆப்பிளைச் செடியோடு சேர்த்து பிளாஸ்டிக் பையால் சில நாள் மூடி வைத்தால் போதும். அவசரப்பட்டுச் சின்னச் செடியை மட்டும் மூடிவிடாதீர்கள். பூத்தபின் அந்தத் தண்டு மேற்கொண்டு இலை விடாது. இருக்கிற இலைகளை நம்பித்தான் பழம் பருக்க வேண்டும்.